கபுறுக் கொப்பியைக் கேட்டு வந்தவர்

அவர் எங்கள் வளவுக்குள் முதன்முதலாகக் கால் வைத்தது போர் முடிந்து எட்டாவது வருடம், ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்குச் சற்று முன்பு. சரியான திகதி என் நாளேட்டில் இருக்கிறது. இங்கே அதை எழுதவில்லை. இதில் வருகிறவர்கள் இன்னும் இந்த ரோட்டில்தான் நடமாடுகிறார்கள். பெயரை மறைத்துவிட்டுத் திகதியைக் கொடுத்தால் மறைத்ததில் அர்த்தமில்லை. கிழமையும் மாதமும் போதும்.

நான் வரலாறு படித்தவன் அல்ல. மன்னாரில் ஒரு கூட்டுறவுக் கடையில் எழுதுவினைஞனாக இருந்தேன். தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களான எங்களைத் தமிழ் ஆயுத இயக்கம் வெளியேற்றியபோது படகில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினேன். இறங்கிய மறுநாளிலிருந்து ஒரு நாளும் தவறாமல் எழுதி வருகிறேன்: காற்று எந்தப் பக்கம், மழை எத்தனை மணிக்கு, யார் வந்தார், யார் போனார். இதைப் பார்த்துத்தான் முகாம் பள்ளிவாசலில், அடக்கம் செய்தவர்களைப் பதியும் கபுறுக் கொப்பியை என்னிடம் தந்தார்கள். மௌத்தானவர் யார், எந்த ஊரில் பிறந்தவர், என்றைக்கு மௌத்து, என்றைக்கு அடக்கம், எந்த வரிசையில் கபுறு, கடைசியாக ஒரு குறிப்பு. பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்ட பிள்ளைகளையும் அதில் எழுதினேன். முகாமின் முதல் வருடங்களில் ஒரு நாள், இரண்டு நாள் இருந்த பிள்ளைக்காகப் பதிவுக்காரரைத் தேடி எவரும் போகவில்லை. அந்தப் பிள்ளைகள் பிறந்ததற்கு என் கொப்பியைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

பிறகு முகாமிலிருந்து வெளியேறி மாம்புரிக்கு இந்தப் பக்கம் ஒரு துண்டுக் காணியில் வீடு கட்டினோம். கொப்பியும் என்னோடே வந்தது. இங்கே நிலம் முழுவதும் மணல். ஓர் ஆள் உயரம் தோண்டினால் தண்ணீர் வந்துவிடும். எங்கள் கிணறு, நானும் மனைவியும் சேர்ந்து தோண்டி, கொங்கிறீட் வளையங்களை இறக்கியது. எங்களைச் சுற்றி வெங்காயமும் மிளகாயும் கத்தரியும். வருடம் முழுவதும் உரம் போடுவார்கள், வருடம் முழுவதும் தண்ணீர் தெளிப்பார்கள். போட்டது மணலில் தங்காது, கீழே போய்விடும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கீழே போனது எங்கே போகிறது என்று நாங்கள் யோசிக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு வந்தவர் எங்கள் பகுதி மருத்துவிச்சி. கல்யாணம் முடித்தும் எங்களோடே இருக்கும் என் மகளுக்கு அப்போது மூன்றாவது மாதம். மருமகன் மரக்கறி லொறி ஓட்டுகிறவர், கிழமையில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார். மகளுடைய முதல் பிள்ளை, ஆண், இரண்டு வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் பிறந்து அன்றைக்கே மௌத்தாகிவிட்டது. அதனால் மருத்துவிச்சி அடிக்கடி வருவார்.

"இவ பெரிய படிப்புப் படிச்சவ. கிணத்துத் தண்ணி பாக்க வந்திருக்கிறா" என்றார் மருத்துவிச்சி.

முப்பது வயதைத் தாண்டியவர். தோளில் கனத்த பை. பேச்சைக் கேட்டதுமே யாழ்ப்பாணம் என்று தெரிந்தது. நான் கதிரையைக் காட்டினேன்.

"டொக்டரா?"

"ஓம் ஐயா. ஆனா மருந்து எழுதுற டொக்டர் இல்லை. ஆராய்ச்சி."

"படிக்கிறீங்களா?"

"கலாநிதிப் படிப்பு முடிஞ்சுது. இப்ப போஸ்ட்டொக்."

"அப்பிடியெண்டா?"

"படிப்பும் முடிஞ்சு, நிரந்தர வேலையும் கிடைக்காத ஆக்கள், ஐயா. ரெண்டு வருஷம் ஒரு இடத்தில. பிறகு வேற இடத்தில ரெண்டு வருஷம்."

"அகதி மாதிரி" என்றாள் என் மனைவி, குசினிக்குள்ளிருந்து.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

நான்கு பக்கத்தில் ஒரு விளக்கத் தாள் தந்தார். கர்ப்பிணித் தாய்மார் குடிக்கும் தண்ணீரைச் சோதிப்பது, அவர்களுடைய இரத்தத்தைச் சோதிப்பது, பிள்ளை பிறக்கும்வரை கவனிப்பது. மூன்று முறை வாசித்தேன். இரண்டாம் பக்கத்தில் ஆய்வுக் காலம் இரண்டு வருடம் என்று இருந்தது. மூன்றாம் பக்கத்தில் இரத்தத்தைப் பத்து வருடம் வைத்திருப்போம் என்று இருந்தது.

"ரெண்டு வருஷ வேலைக்குப் பத்து வருஷம் ரத்தம் ஏன்?"

"விதி அப்பிடி ஐயா. பிறகு ஆரும் சந்தேகப்பட்டா திரும்பச் சோதிக்க."

"அந்த விதி எழுத்தில இருக்கா?"

"இருக்கு. அடுத்த செவ்வாய் கொண்டு வாறன்."

அடுத்த செவ்வாய்க்கிழமை கொண்டுவந்தார். அதுவும் எனக்குச் சந்தேகமாகவே பட்டது. எங்களிடம் சொன்ன பொருளைச் சொன்ன நாளில் யாரும் கொண்டுவந்ததில்லை.

என் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக எங்களைப் பட்டியல் எடுக்கிறார்கள். நிவாரணத்துக்கு ஒரு பட்டியல், வாக்குக்கு ஒன்று, திரும்பிப் போவீர்களா என்று ஒன்று, போகமாட்டீர்களா என்று இன்னொன்று. எடுத்தவர்கள் போய்விடுவார்கள். தாள் எங்கே போனது என்று கேட்க ஆள் இருக்காது. அதோடு இன்னொரு பயமும் இருந்தது. நாங்கள் வந்த புதிதில், இங்கத்தைய கிணறுகள் கெட்டதே எங்கள் மலசலகூடக் குழிகளால்தான் என்று சிலர் சொன்னார்கள். பிறகு பழகி, சம்பந்தமும் செய்துகொண்ட பின் அந்தக் கதை அடங்கிவிட்டது. இப்போது படித்த ஒருவர் வந்து தண்ணீரைச் சோதித்து, கெட்டதற்குக் காரணம் அகதிகள் என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டால், அதை யார் வந்து அழிப்பது?

மகள் அப்படி யோசிக்கவில்லை. முதல் நாளே கையெழுத்து வைத்து இரத்தமும் கொடுத்துவிட்டாள். அவளுக்கு ஒரே கேள்விதான் இருந்தது. போத்தலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு நின்றவரிடம் அதைக் கேட்டாள்.

"இந்தத் தண்ணியைக் குடிச்சா இந்தப் பிள்ளைக்கும் அப்பிடி வருமா?"

"சோதிச்சுப் பாக்காமச் சொல்ல ஏலாது, தங்கச்சி."

"நாங்க கொதிக்க வச்சுத்தான் குடிக்கிறம்" என்றாள் மனைவி.

"கொதிக்க வச்சாக் கிருமி சாகும், அம்மா. உரத்திலயிருந்து வாறது போகாது, வாயில வச்சாலும் தெரியாது. தண்ணி வத்த வத்த அது கூடத்தான் செய்யும்."

மனைவியின் முகம் அன்றைக்குத்தான் மாறியது. அதுவரை அவரைப் பிள்ளை என்று கூப்பிட்டவள், அதன்பிறகு ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை.

முஹர்ரம் பிறந்த கிழமை நான் பஸ் ஏறி மதுரங்குளிக்குப் போனேன். பக்கத்திலேயே இணையம் பார்க்கக்கூடிய கொமினிகேசன் கடைகள் இருந்தன. ஆனால் இங்கே என்னைத் தெரியும், நான் யாரைப் பற்றித் தேடினேன் என்பது எனக்கு முன் ஊருக்குள் வந்துவிடும். மதுரங்குளிக் கடையில் அவருடைய பெயரைக் கொடுத்து, பல்கலைக்கழகத்தின் பக்கத்தைத் தேடி அச்செடுத்துத் தரச் சொன்னேன். அவருடைய படத்துக்குக் கீழே ஆராய்ச்சி ஆர்வங்கள் என்று ஒரு தலைப்பு. அதன் கீழ் மூன்று வரி. முதலாவது, கட்டாய இடப்பெயர்வும் தாய்மாரின் ஆரோக்கியமும். இரண்டாவது, போரின் பாதிப்பு அடுத்த தலைமுறையின் உடலில். மூன்றாவதுதான் கடலோர நிலத்தடி நீர்.

எங்களிடம் கிணறு பார்க்க வந்ததாகச் சொன்னவருக்குக் கிணறு மூன்றாவது. முதல் இரண்டும் நாங்கள்.

தாளின் மூலையில் திகதி எழுதி மடித்து வைத்தேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. அடுத்த மாதமான சபரின் நடுவில் மறுபடி போய் அதே பக்கத்தை அச்செடுத்தேன். ஒரு தாளைக் கொண்டு எதையும் முடிவு செய்யக்கூடாது என்பது என் வழக்கம். இந்த முறை பக்கம் மாறியிருந்தது. முதல் வரி, காலநிலை மாற்றமும் கடலோரத் தாய்மாரும். இரண்டாவது நிலத்தடி நீர். போரும் இல்லை, இடப்பெயர்வும் இல்லை.

அடுத்த முறை அவர் வந்தபோது இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தேன்.

குனிந்து பார்த்தார். மூலையில் இருந்த திகதிகளையும் பார்த்தார்.

"ஐயா முந்திப் பொலிஸில இருந்தனீங்களோ?"

"கூட்டுறவுக் கடையில."

"அப்ப பொலிஸைவிடக் கஷ்டம்தான்."

"பதில் சொல்லுங்க. ஒண்டரை மாசத்துக்குள்ள ஒரு மனிசிக்கு ஆர்வம் இப்பிடி மாறுமா?"

இரண்டு தாளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். பிறகு, "மாறினது ஆர்வம் இல்லை ஐயா, விண்ணப்பம்" என்றார். "போனமுறை நான் வேலை கேட்ட இடத்தில இடம்பெயர்ந்த ஆக்களைப் பற்றி எண்டாத்தான் பாப்பினம். அந்த இடம் இந்த வருஷத்தோட முடியுது. இப்ப கேக்கிற இடத்தில காலநிலை எண்டு இருக்கோணும். என்னோட படிச்ச எல்லாரும் இப்பிடித்தான் செய்யினம். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்காத் தலைப்பைத் திருப்பி எழுதுவம். கிணறு அதே கிணறுதான்."

"அப்ப உங்களுக்கு உண்மையில எதில ஆர்வம்?"

"சில பிள்ளையள் நீலம் பாரிக்குதுகள். அது ஏன் எண்டதில. ஆனா அதை எழுதினா ஒருத்தரும் இடம் தராயினம். அது பழைய கேள்வியாம். விடை தெரிஞ்ச கேள்வியாம்."

"விடை தெரியுமா?"

"புத்தகத்தில தெரியும், உரம் கலந்த தண்ணி எண்டு. உங்கட கிணத்தில தெரியாது."

நல்ல பதில்தான். நல்ல பதில்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. அதனால் வேறொரு கேள்வி கேட்டேன். தொண்ணூறில் உங்களுக்கு எத்தனை வயது என்றேன்.

"நாலு."

"உங்கட அப்பா?"

"பள்ளிக்கூட வாத்தியார். உங்கட ஆக்கள் போகேக்க ரோட்டில நிண்டு பாத்தவர் எண்டு சொல்லுவார்."

"பாத்துக்கொண்டு நிண்டவரா?"

"ஓம் ஐயா. பாத்துக்கொண்டுதான் நிண்டவர்."

வேறு யாராக இருந்தாலும் அப்பா அழுதார், தண்ணீர் கொடுத்தார் என்று ஏதாவது சேர்த்திருப்பார்கள். அவர் சேர்க்கவில்லை. அன்று மாலை என் நாளேட்டில் அந்த உரையாடலை அப்படியே எழுதினேன். கீழே ஒரு வரியும் எழுதினேன்: உண்மை பேசுகிறார், அல்லது உண்மை பேசுவது போலப் பேசத் தெரிந்தவர்.

கபுறுக் கொப்பியைப் பற்றி அவருக்கு யார் சொன்னதென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பள்ளிவாசலில் யாராவதாக இருக்கும். அதற்கடுத்த வருகையில் நேராகவே கேட்டார். ஆஸ்பத்திரிப் பதிவில் இல்லாத பிள்ளைகள் அந்தக் கொப்பியில் இருக்கிறார்களாம், குறிப்பு என்ற கடைசிக் கட்டத்தில் நான் நீலம் என்று சில இடங்களில் எழுதியிருக்கிறேனாம். கேட்டது அவ்வளவுதான், ஆனால் கை என்னவோ பையின் வாரைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தது.

கொடுக்க முடியாது என்றேன். அதில் பெயர்கள் இருக்கின்றன, பிறந்த ஊர்கள் இருக்கின்றன. இன்னொரு பட்டியல்.

"ஒரு பக்கத்தையாவது ஐயா. பெயர் இல்லாம."

கடைசியில் ஒரு பக்கத்தைப் பார்த்து, பெயர்களை விட்டுவிட்டு, என் கையாலேயே பிரதி செய்து கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் மௌத்தானவர்களும் உள்ள பக்கமாகத் தேர்ந்தெடுத்து, எந்த ஆஸ்பத்திரி என்பதையும் எழுதினேன். சரிபார்க்கட்டும், கூட்டுறவுக்காரன் எழுத்து எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளட்டும் என்ற எண்ணமும் எனக்கு இருந்தது என்பதை மறைக்கக்கூடாது.

சபருக்கு அடுத்த றபீயுல் அவ்வல் மாதம் ஒரு வியாழக்கிழமை திரும்பி வந்தார். கதிரையில் உட்காரவில்லை.

"ஐயா, இந்தக் கொப்பியை எப்ப எழுதினீங்க?"

"அண்டண்டைக்கு."

"பழைய பக்கமெல்லாம் ஒரே மையில இருக்கு எண்டு பள்ளிவாசல்ல சொல்லுகினம்."

"முகாமில முதல் கொப்பி நனைஞ்சு போச்சு. காயவச்சு, தடிச்ச அட்டைச் சீ.ஆர். கொப்பி ஒண்டு வாங்கித் திருப்பி எழுதினன். அது குற்றமா?"

"இல்லை ஐயா." பையிலிருந்து நான் கொடுத்த தாளை எடுத்தார். சில திகதிகளைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டிருந்தார். "இதெல்லாம் ஆஸ்பத்திரிப் பதிவோட ஒத்துவரேல்ல. ஒரு நாள் பிந்தியிருக்கு. ஞாபகத்தில எழுதினதோ எண்டு கேப்பினம். எனக்கு மேல இருக்கிறவர் இப்பவே கேட்டிட்டார். ஒரு பக்கத்தில இவ்வளவு பிழை எண்டா முழுக் கொப்பியையும் விடச் சொல்லுறார்."

என் வாழ்க்கையில் நான் இழந்த சாமான்களுக்குக் கணக்கில்லை. திகதி ஒன்றைத்தான் ஒருபோதும் விட்டுக்கொடுத்ததில்லை. ஆஸ்பத்திரிக்காரன் தூக்கக் கலக்கத்தில் எழுதியிருப்பான் என்றேன். அதற்கு அவர் சொன்னார்:

"எல்லா ஆஸ்பத்திரியிலும் எல்லாரும் ஒரே மாதிரிப் பிழை விட்டவையோ, ஐயா?"

"அப்ப நான் கள்ளத் திகதி எழுதினவன்."

"நான் அப்பிடிச் சொல்லேல்ல."

"சொல்லாமச் சொல்ல உங்களுக்குத்தான் படிப்பிச்சிருக்கினமே."

அவர் போவதற்குத் திரும்பினார். அவரை மறித்தவள் என் மகள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறாவது மாதம், வயிறு தெரிந்தது.

"கொஞ்சம் இருங்க" என்றவள் என்னிடம், "வாப்பா, கொப்பியை எடுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"என்ட பிள்ளைட பக்கத்தைப் பாக்கோணும்."

இரண்டு வருடத்தில் அவள் அதைக் கேட்டதில்லை. நானும் காட்டியதில்லை. எடுத்துக் கொடுத்தேன். அவள் அலுமாரியைத் திறந்து, கல்யாணப் புடவைக்கு அடியிலிருந்து ஆஸ்பத்திரி தந்த தாளைக் கொண்டுவந்தாள். இரண்டையும் மேசையில் வைத்து விரலால் தேடினாள். ஆஸ்பத்திரித் தாளில் புதன்கிழமை, மாலை ஆறு ஐம்பது என்று இருந்தது. என் கொப்பியில் வியாழன்.

"இதுவும் பிழை" என்றார் ஆய்வாளர், மெதுவாக.

"பிழை இல்லை" என்றாள் மகள். "ஆறு ஐம்பது எண்டா மஃரிப் பாங்கு சொல்லி முடிஞ்சுது. எங்களுக்கு நாள் மாறுறது மஃரிபோட, பொழுது பட்டதோட. நோன்புக்கும் அப்பிடித்தான், மௌத்துக்கும் அப்பிடித்தான். வாப்பா வியாழன் எண்டுதான் எழுதுவார். சிவப்புப் போட்ட ஆக்களெல்லாம் எத்தினை மணிக்கு மௌத்தானவங்க எண்டு பாருங்க."

அவர் பையைக் கீழே வைத்தார். கதிரையில் உட்கார்ந்து, தொலைபேசியில் தன் பதிவுகளைத் திறந்து, ஒவ்வொரு வட்டமாகப் பார்த்துக்கொண்டே போனார். எல்லாம் மஃரிபுக்குப் பின், நள்ளிரவுக்கு முன். வட்டமிடாதவை எல்லாம் அந்த நேரத்துக்கு வெளியே.

"ஐயா இதை ஒரு இடத்திலயும் எழுதி வைக்கேல்லையே."

எழுதவில்லை. நாள் எப்போது தொடங்குகிறது என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இஸ்லாமிய மாதத்துப் பிறைத் திகதியை எழுதும்போது அந்தக் கணக்குச் சரியாக இருந்தது. பக்கத்தில் ஆங்கிலத் திகதியைப் போடும்போதும் கை அதே கணக்கில் ஓடியிருக்கிறது. நான் பெருமைப்பட்ட அந்தக் கட்டத்தில், வருடக்கணக்காக, இரண்டு காலக்கணக்குகளைக் கலந்து வைத்திருந்தேன்.

அதோடு முடிந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் மகள் கொப்பியை மூடவில்லை. அவளுடைய விரல் கடைசிக் கட்டத்துக்குப் போயிருந்தது.

"இதில ஒண்டும் எழுதல்லையே, வாப்பா."

கொப்பியை மூடக் கை நீட்டினேன்.

"மத்தப் பிள்ளையளுக்கெல்லாம் எழுதியிருக்கிறீங்க. நீலம், சளி, குறைமாசம். என்டதுக்கு மட்டும் வெறுமையா இருக்கு."

"நான் பாக்கேல்ல."

"நீங்கதான் துணியில சுத்தி வாங்கினீங்க."

உண்மை. நான்தான் வாங்கினேன். நகமும் உதடும் எந்த நிறத்தில் இருந்தன என்று எனக்கு நன்றாகத் தெரியும். மற்றவர்களின் பிள்ளைகளுக்கு எழுதிய கையால் என் மகளின் பிள்ளைக்கு எழுத முடியவில்லை. எழுதினால் கிணற்றைப் பற்றி யோசிக்க வேண்டிவரும் என்று அப்போதே எனக்குள் ஏதோ தெரிந்திருக்குமோ என்று பிறகு பலமுறை என்னையே சந்தேகப்பட்டிருக்கிறேன். வெளியிலிருந்து வந்தவரை மூன்று மாதமாகத் துருவிக்கொண்டிருந்தவன் நான்.

மகள் என் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தாள். கட்டத்தில் நீலம் என்று எழுதினாள்.

ஆய்வாளர் சங்கடப்பட்டார். "தங்கச்சி, இப்ப எழுதினதை நான் அப்ப எழுதினது எண்டு எடுக்க ஏலாது."

"இண்டைய திகதியைப் பக்கத்தில போடுறன். மஃரிபுக்கு முதல் எண்டும் எழுதுறன். சரியா?"

"சரி."

அந்த வியாழனும் அடுத்த இரண்டு நாளும் அவர் எங்கள் மேசையில் இருந்து கொப்பியைப் பார்த்து எழுதினார். பெயரும் ஊரும் எடுக்கக்கூடாது, படம் பிடிக்கக்கூடாது, கொப்பி வாசலைத் தாண்டக்கூடாது என்பது என் நிபந்தனை. எதிரே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு திகதிக்குப் பக்கத்திலும் மஃரிபுக்கு முன்னா பின்னா என்று கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். தெரியாது என்று சொன்ன இடங்களில் அவருடைய முகம் வாடியதைக் கவனித்தேன். சொல்லிக்கொடுத்தால் எழுதிவிடுவாரோ என்று சோதிக்க, ஒரு இடத்தில், "பின்னெண்டே போடுங்க" என்றேன்.

"நிச்சயமா?"

"இல்லை."

"அப்ப போடமாட்டன்" என்று சொல்லி அடுத்த வரிக்குப் போனார்.

மூன்றாம் நாள் மாலை பையைக் கட்டும்போது மகள் தன் பழைய கேள்வியை மறுபடி கேட்டாள். தண்ணீர்ச் சோதனை அதற்குள் வந்திருந்தது. உரத்தின் சத்து எங்கள் கிணற்றில் இருக்க வேண்டிய அளவைத் தாண்டி இருந்தது. அக்கம்பக்கக் கிணறுகளிலும் அப்படித்தான்.

"முதல் பிள்ளை தண்ணியாலதானா?"

"சொல்ல ஏலாது, தங்கச்சி. நீலம் எண்டா எத்தினையோ காரணம். இதயமா இருக்கலாம், பிரசவமா இருக்கலாம். இந்தக் கொப்பி முழுக்க வச்சாலும் ஒரு பிள்ளைக்கு இதுதான் எண்டு சொல்ல ஏலாது."

"இப்ப நான் குடிக்கலாமா?"

அவர் என்னைப் பார்த்தார், பிறகு குசினி வாசலில் நின்ற என் மனைவியைப் பார்த்தார். "நீங்க என்ர தங்கச்சி எண்டா குடிக்க விடமாட்டன்" என்றார்.

"அதை எழுதித் தாங்க" என்றேன் நான்.

"எழுத ஏலாது ஐயா. ஆராய்ச்சி முடியேல்ல."

"வாயால சொல்லலாம், எழுத ஏலாதா?"

"ஓம். வாயால சொன்னது நான். எழுதினா அது ஆராய்ச்சி."

இன்றைக்கும் அந்த வேறுபாடு எனக்குப் பிடிபடவில்லை. எழுத்துக்குள் வராததை என்னால் நம்ப முடிவதில்லை. ஆனால் மகளுக்கு எழுத்துத் தேவைப்படவில்லை. அடுத்த கிழமை மருமகன் லொறியில் வந்தபோது அவள் உடுப்புகளைக் கட்டி வைத்திருந்தாள். வண்ணாத்திவில்லில் மாமியார் வீட்டுக்குப் போகிறாளாம், அங்கே ஆழக் குழாய்க் கிணறாம்.

பிள்ளைப்பேறு தாய் வீட்டில் என்பதுதான் எங்கள் வழக்கம். மனைவி முற்றத்தில் நின்று கேட்டாள்.

"அங்கத்தைய தண்ணிய ஆரு சோதிச்சது?"

"ஒருத்தரும் இல்ல, உம்மா."

"அப்ப அது மட்டும் நல்லதெண்டு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது. ஆனா இது இல்லையே."

லொறி போன பிறகு மனைவி கிணற்றடியில் நின்று வாளியை வெறுமனே இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தாள். பவுசர் லொறியில் விற்பனைக்கு வரும் தண்ணீர் எடுக்கலாம் என்று நான் சொன்னேன். "வளத்ததெல்லாம் இந்தத் தண்ணியிலதான்" என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றி அவளோடு கதைக்க முடியவில்லை.

ஆய்வாளர் தை மாதக் கடைசியில் விடைபெற வந்தார். வேறு நாட்டில் இரண்டு வருடத்துக்கு இடம் கிடைத்திருந்தது. இங்கத்தையதை எழுதிக்கொண்டிருப்பதாகவும், தாய்மாரைப் பிள்ளை பிறக்கும்வரை மருத்துவிச்சி கவனிப்பார் என்றும் சொன்னார். அகதிகளைப் பற்றி என்ன எழுதுவீர்கள் என்றேன். கிணற்றில் உள்ள அந்தச் சத்து வயலிலிருந்து வருகிறதா, மலசலகூடக் குழியிலிருந்து வருகிறதா என்பதைத் தன்னுடைய சோதனை பிரித்துக் காட்டாது, அதனால் அதைப் பற்றி எழுத மாட்டேன் என்றார். வாயால்தான் சொன்னார்.

பங்குனிக் கடைசியில், றஜப் மாதம், வண்ணாத்திவில்லிலிருந்து செய்தி வந்தது. பெண் பிள்ளை. சுகம். போய்ப் பார்த்தோம். மனைவி பிள்ளையை வாங்கியதும் முதலில் கைத்துணியை விலக்கி நகங்களைப் பார்த்தாள். பார்ப்பதை நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் மூடிவிட்டாள். ஊரில் கேட்டார்கள், அப்படியானால் தண்ணீர்தானா என்று. தெரியாது என்று சொன்னேன். ஒரு பிள்ளை போனது ஒரு கதை, ஒரு பிள்ளை நின்றது ஒரு கதை. இரண்டையும் சேர்த்து விடை சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை.

நாற்பது கழிந்து, நோன்புக்கு முந்திய கிழமை, மகள் பிள்ளையோடு ஒரு பகல் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் பிள்ளையின் பை, தோளில் பெரிய தண்ணீர்ப் போத்தல் ஒன்று. மனைவி காலையிலிருந்தே வட்டிலப்பம் அவித்து வைத்திருந்தாள். பிள்ளையை மடியில் வாங்கி, கன்னத்தைத் தொட்டு, காலைத் தொட்டு, யார் மாதிரி என்று ஆராய்ந்து முடித்த பிறகு குசினிக்குப் போய் இரண்டு கோப்பையில் தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

மகள் கோப்பையைப் பார்த்தாள். பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது.

"உம்மா, எந்தத் தண்ணி?"

மனைவி முந்தானையால் மேசையில் சிந்தியிருந்ததைத் துடைத்தாள். கோப்பையிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. மகள் கையை நீட்டவும் இல்லை, கோப்பையைத் தள்ளி வைக்கவும் இல்லை. பிள்ளையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டினாள்.

எவராவது குடிக்க வேண்டும் போலிருந்தது. மகளின் கோப்பையை என் பக்கம் இழுத்துக் குடித்தேன். நாக்கில் நிறுத்தி, ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். உப்பும் இல்லை, கசப்பும் இல்லை. எப்போதும்போல நல்ல தேநீராகத்தான் இருந்தது.